நொய்யலின் இரு கரையிலும் ஒரே கொடி

ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள் மண்ணரையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுகிறவர்கள் ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள். ஊத்துக்குளி ரோட்டில் இருட்டு விலகுவதற்குள் ஏணியைச் சாத்தி, மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். குதிரைமேல் வாளை உயர்த்திய தீரன் சின்னமலை; அவருக்கு மேலே கட்சித் தலைவரின் முகம்; கீழே வட்டம், பகுதி, கிளை என்று வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். நாலு கம்பம் தள்ளி இன்னொரு கட்சியின் பலகை. தலைவர் வேறு, வேட்டியின் கரை வேறு, சின்னமலை அதே சின்னமலை. அடுத்தது ஒரு சமுதாய அமைப்பு. அதற்கடுத்தது அதிலிருந்து பிரிந்துபோன அமைப்பு.

சின்னமலையை வெள்ளையர்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. அன்று ஆடிப்பெருக்கு. அதனால் கொங்கு நாட்டில் ஆடிப் பதினெட்டு அவருடைய நினைவு நாளுமாயிற்று. அவர் கோட்டை கட்டியிருந்த அரச்சலூர் ஓடாநிலையில் அன்றைக்கு அரசு விழா. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, உதிரிக் கட்சி என்று எல்லோரும் வந்து மாலை போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இடத்தைப் பார்க்க முடியாது. மண்ணரையில் கிளம்பி ஊத்துக்குளி, ஒரத்துப்பாளையம் அணை, சென்னிமலை வழியாக ஓடாநிலை போய்ச் சேர்வது என்று முந்தைய நாளே வண்டியை எடுத்தோம். ஒரு சமுதாயத்தின் பெயரால் எழுந்த தலைமை தரையில் எப்படி இருக்கிறது என்று பனியன் கம்பெனி வாசலிலிருந்து மணிமண்டபம் வரைக்கும் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது என் எண்ணம்.

கூட வந்த நண்பர் செக்கிங் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். பிறந்தது காங்கயம் பக்கம். அவருடைய மச்சான் ஒரு சாயப்பட்டறையில் பங்குதாரர். பெரியப்பா ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே காட்டுக்காரர். இந்த இரண்டு உறவையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த நாள் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மண்ணரை ஒரு காலத்தில் தனி ஊராட்சி. இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. சந்துக்குச் சந்து பவர்டேபிள் சத்தம். காஜா பட்டன், அயர்னிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி ஷெட். கம்பெனிக் கதவுகளில் ‘சிங்கர், ஓவர்லாக் டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு’ என்ற அட்டை தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. பின்னால் லைன் வீடுகள்: பத்துப் பன்னிரண்டு கதவு ஒரே வரிசையில், கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிவறை, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எட்டு மணி ஷிப்ட்டுக்கு முன்னால் டீக்கடையில் நின்றால் தேனித் தமிழ் கேட்கிறது, ராமநாதபுரத்துத் தமிழ் கேட்கிறது, ஒடியா கேட்கிறது, பீகார் இந்தி கேட்கிறது. கொங்குத் தமிழ் கேட்பது பெரும்பாலும் கல்லாப் பக்கம்.

ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தேனிக்கார டைலரிடம் குதிரையில் இருப்பவர் யார் என்று கேட்டார்.

“அவரு இந்த ஊர் ராஜா மாதிரி. வெள்ளக்காரன எதுத்துச் சண்ட போட்டவரு.”

“உங்க ராஜாவா?”

தேனிக்காரர் கொஞ்சம் யோசித்தார். “நான் இங்க வந்து பதினேழு வருசமாச்சு. எம் பிள்ளைக இங்கதான் பொறந்துச்சு. அதுக கேட்டா எங்க ராஜாதான்னு சொல்லும்.”

கொங்கு மக்கள் என்று மேடையில் சொல்லும்போது அந்தப் பிள்ளைகளை யாராவது கணக்கில் சேர்க்கிறார்களா? கேட்பதற்கு அங்கே தலைவர் யாரும் இல்லை, பலகைகள்தான் இருந்தன. 2023 மார்ச் மாதம், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர் ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கையோடு கூட்டம் நின்றது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு இங்கே வந்து விசாரித்தது. மாவட்ட நிர்வாகமும் போலீசும் இந்தியில் பேசிப் பயத்தைத் தணித்தார்கள். முதலாளிகளும் கேட் கேட்டாகப் போய்க் கெஞ்சினார்கள், ஆள் போனால் ஆர்டர் போகும் என்பதால். இவ்வளவு பேர் உழைத்துப் பிழைக்கும் ஊரில் ‘இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், கை வைக்காதே’ என்று உரிமையோடு சொல்லும் ஓர் அரசியல் குரல் உள்ளூரிலிருந்து முதலில் எழுந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

திருப்பூர் ஒரு சாதி கட்டிய ஊர் என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. 1960கள், 70களில் மழை பொய்த்த காடுகளை விட்டு வந்த கவுண்டர் குடும்பத்துப் பையன்கள் கம்பெனியில் கைமடித்து, கட்டிங் கற்று, பங்காளிகளோடு காசு போட்டு, முதலாளிகளாகவே ஆனார்கள். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூல் முழுக்க இந்தக் கதைதான். உழைப்பைத் தங்கள் மூலதனமாகச் சொல்லிக்கொண்ட விவசாயிகளின் கதை. ஆனால் ஊரில் பெரியவர்கள் முதல் பனியன் எந்திரத்தைப் பற்றிப் பேசினால் 1920களையும் குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகரையும் சொல்வார்கள். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது கொடி பிடித்தவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. திருப்பூர் நாடாளுமன்றத் தொகுதி 2019இலும் 2024இலும் தேர்ந்தெடுத்தது கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயனை. சாதிக் கணக்கு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இதெல்லாம் நடந்திருக்காது.

ஆனாலும் கணக்கு இருக்கிறது. வண்டி மண்ணரையைத் தாண்டியதும் நண்பர் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்: எந்தத் தொகுதியில் எந்தக் கூட்டம், யாருக்கு யார் மாமன் முறை, எந்தக் குலத்துக்கு எந்தக் கோயில். கட்சி எதுவாக இருந்தாலும் பொதுத் தொகுதியில் சீட்டு எந்தச் சமுதாயத்துக்குப் போகும் என்பது வேட்பாளர் பட்டியல் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும்.

இந்தக் கணக்குக்குக் கட்சி வடிவம் வந்தது 2009இல். அதற்கு முன்பு கோவை செழியன் நடத்திய கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பேரவை போன்ற அமைப்புகள் இருந்தன. 1975இல் கொங்கு வேளாளர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தது அந்தக் காலத்துப் பெரிய வெற்றி. 2009இல் கருமத்தம்பட்டியில் பெருங்கூட்டம் கூட்டி கொங்குநாடு முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். தலைவர் ‘பெஸ்ட்’ ராமசாமி, திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர். பொதுச் செயலாளர் ஈ.ஆர். ஈஸ்வரன். விவசாயம், கள், தொழில் என்று பல கோரிக்கைகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தனித்து நின்று கோவையில் 1.28 லட்சம் வாக்கு, திருப்பூரில் 95 ஆயிரத்துக்குச் சற்று மேல். ஒருவரும் ஜெயிக்கவில்லை, ஆனால் பெரிய கட்சிகள் இரண்டும் திரும்பிப் பார்த்தன.

பிறகு நடந்தது தமிழ்நாட்டில் சாதிக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் நடப்பதுதான். 2011இல் தி.மு.க. கூட்டணியில் 7 இடம், ஏழிலும் தோல்வி. பிளவு. 2013இல் ஈஸ்வரனின் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி. 2019இல் நாமக்கல்லில் சின்ராஜ் எம்.பி. ஆனார், 2021இல் திருச்செங்கோட்டில் ஈஸ்வரனே எம்.எல்.ஏ. ஆனார், இருவருமே உதயசூரியன் சின்னத்தில். எதிர்ப்பக்கம் கொங்கு இளைஞர் பேரவையின் தனியரசு இரட்டை இலையில் நின்று பரமத்தி வேலூரிலும் காங்கயத்திலும் ஜெயித்தார். சமுதாயத்தின் பெயரால் கட்சி, வெல்லும் சின்னம் அடுத்தவருடையது.

அதே நேரம் பெரிய கட்சிகளுக்குள் கொங்குத் தலைவர்கள் உச்சிக்குப் போனார்கள். 2017இல் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர் ஆனார். கொங்கு வேளாளர் ஒருவர் மாநிலத்தை ஆண்டது அது முதல் தடவை இல்லை. திருச்செங்கோடு அருகே குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியாக இருந்தவர். செங்குட்டைப்பாளையத்து சி. சுப்பிரமணியம் நாட்டுக்கே பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்தார். அவர்களை யாரும் அன்று கொங்குத் தலைவர் என்று கூப்பிடவில்லை. அந்த அடைமொழி இப்போதுதான் தேவைப்படுகிறது. 2021 தேர்தலில் மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்தபோது கோவை மாவட்டத்தின் 10 தொகுதியும் எதிர்ப்பக்கம் நின்றது. அதே ஜூலையில் எல். முருகன் ஒன்றிய இணையமைச்சர் ஆனபோது வெளியிட்ட குறிப்பில் அவருடைய ஊர் ‘கொங்குநாடு’ என்று அச்சாகியிருந்தது. தனி மாநிலம் என்ற பேச்சு சில வாரம் கொதித்து அடங்கியது.

உலகத்தில் இப்படி ஒரு கணக்கை வெளிப்படையாகவே நடத்தும் இடங்கள் உண்டு. ரஷ்யாவின் தெற்கே, காக்கசஸ் மலையடிவாரத்தில் கராச்சாய்-செர்கெஸ் என்று ஒரு சின்னக் குடியரசு. நாலே முக்கால் லட்சம் பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கும் பின்னலாடை பிழைப்பு: கராச்சாய்ப் பெண்கள் ஆட்டுக் கம்பளியில் பின்னும் சால்வையும் ஸ்வெட்டரும் சோவியத் காலத்திலிருந்தே சந்தைக்குப் போகின்றன. 1943 நவம்பரில் ஸ்டாலின் ஆட்சி கராச்சாய் மக்களை ஒட்டுமொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியது. 1957இல் திரும்பி வந்தார்கள். சோவியத் உடைந்த பிறகு அவர்கள், செர்கெஸ்கள், ரஷ்யர்கள், அபாசாக்கள், நோகாய்கள் எல்லோரும் ஒரே குடியரசில். 1999இல் முதல் அதிபர் தேர்தல்: ராணுவத் தளபதி விளாதிமிர் செம்யோனோவ் கராச்சாய்களின் ஆள், செர்கெஸ்க் நகர மேயர் ஸ்தனிஸ்லாவ் தெரெவ் செர்கெஸ்களின் ஆள். முதல் சுற்றில் தெரெவ் முந்தினார். இரண்டாம் சுற்றில் செம்யோனோவ் வென்றதாக அறிவித்ததும் மாதக்கணக்கில் தெருவில் கூட்டம், எங்களைத் தனியே பிரித்துவிடு என்ற கோரிக்கை. அதற்குப் பிறகு எழுதாத ஒப்பந்தம் ஒன்று இறுகிவிட்டது: குடியரசுத் தலைவர் கராச்சாய், பிரதமர் செர்கெஸ், சட்டமன்றத் தலைவர் ரஷ்யர். 2008இல் செர்கெஸ் இடத்தில் ஒரு கிரேக்கரை உட்காரவைத்தார்கள். போராட்டம் வெடித்து, 2010இல் செர்கெஸ் ஒருவரை மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்த ஊரோடு கொங்கை நான் சமமாக வைக்கவில்லை. நாடுகடத்தலின் காயம் இங்கே எந்த ஆதிக்கச் சாதிக்கும் கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பாடம் இருக்கிறது: நாற்காலிகளை இனவாரியாகப் பங்கிட்டுவிட்டால், இனத்துக்குள் நடக்கும் அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? 2004இல் செர்கெஸ்கில் ஏழு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அன்றைய கராச்சாய்த் தலைவரின் மருமகன். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் அரசு மாளிகைக்குள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். அவர்களிலும் கராச்சாய்கள் இருந்தார்கள். தங்கள் இனத்துத் தலைவர் மேலே இருப்பது அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

சர்க்கார் பெரியபாளையம் வந்ததும் சுக்ரீஸ்வரர் கோயிலில் கொஞ்ச நேரம் நின்றோம். நஞ்சராயன் குளம் பக்கத்தில்தான். 2024இல் ராம்சார் பட்டியலில் ஏறிய பறவைகள் சரணாலயம். பார்க்க வேண்டிய இடம், ஆனால் ஆடிக் காற்றில் பறவைகள் குறைவு. ஊத்துக்குளியில் வெண்ணெய்க் கடைகள். நண்பர் வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கினார்.

ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகும் வழியில் பேச்சு குறைந்துவிட்டது. நொய்யல் குறுக்கே 1992இல் திறந்த அணை. ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் காடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டினார்கள். திருப்பூரின் சாயப்பட்டறைகள் பெருகியதும் அணையில் தேங்கியது சாயக் கழிவு. உப்பு கிணற்றில் இறங்கியது. தண்ணீர் வேண்டும் என்று போராடுகிற விவசாயியைத்தான் நமக்குத் தெரியும். இங்கே விவசாயிகள் அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று போராடினார்கள். அப்படி ஒரு கோரிக்கையை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

நண்பரின் பெரியப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தார். மோர் வந்தது. பிறகு எங்களைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். வாளியில் இறைத்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பின் கரிப்பு, அதற்கடியில் லேசான கசப்பு. கிணற்றுச் சுவரில் தண்ணீர் இறங்கிய மட்டம் வரைக்கும் வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. தென்னை பத்து வரிசை இருந்த இடத்தில் இப்போது மூன்று. மஞ்சள் போட்ட காட்டில் மேய்ச்சல் புல்.

“முந்திக்கு இப்ப தேவலீங்க,” என்றார். “மழை நல்லாப் பேஞ்சு ஆறு கழுவிட்டுப் போச்சுன்னா ரெண்டு வருசம் தாங்குது. அப்பறம் பழையபடி.”

அவருடைய மருமகன், அதாவது நண்பரின் மச்சான், சாயப்பட்டறை வைத்திருப்பதைப் பற்றி நான் கேட்கலாமா என்று தயங்கினேன். அவரே சொன்னார்.

“மேக்கால இருக்கறவங்களும் நம்ம பங்காளி, மாமன் மச்சானுங்கதானுங்க. ஒரே நோம்பிக்குத்தான் கெடா வெட்டறோம். கோர்ட்டுல கேஸ் போட்டப்ப நானும் ஆயக்கட்டுச் சங்கத்துல கையெழுத்துப் போட்டேன். எம் பொண்ணு ஆறு மாசம் இந்த வாசப்படி மிதிக்கல. நான் என்னங்க பண்ணட்டும்? காடு எனக்கு ஆத்தா மாதிரி.”

“கட்சிக்காரங்க யாரும் வரலீங்களா?” என்றேன்.

“வந்தாங்க. நம்ம சமுதாயத்துக்குன்னு கட்சி ஆரம்பிச்சப்ப நானும் கருமத்தம்பட்டிக்கு வேன்ல போனவன்தான். இந்தத் தண்ணியப் பத்தி அவங்ககிட்ட கேட்டா, ரெண்டு பக்கமும் நம்மாளுங்க, பேசித் தீத்துக்கலாம்னாங்க. பேசித் தீக்கற சமாச்சாரமா இது?”

அவர் சொன்னதில் முழு அரசியலும் இருக்கிறது. நொய்யலின் மேல்கரையில் இருக்கும் சாயப்பட்டறை முதலாளியும் கீழ்க்கரையில் இருக்கும் காட்டுக்காரரும் பெரும்பாலும் ஒரே சமுதாயம். இருவரையும் சேர்த்து ‘நாம்’ என்று சொல்லித்தான் கட்சி கட்ட முடியும். அந்த ‘நாம்’ கிணற்றடிக்கு வந்ததும் வாய் திறக்க முடியாமல் நிற்கிறது. ஒருவர் பக்கம் பேசினால் இன்னொருவர் போய்விடுவார். அதனால் தொழிலும் வேண்டும், விவசாயமும் வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தை எல்லா மேடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தீர்வு என்று ஏதாவது வந்ததென்றால் அது நீதிமன்றத்திலிருந்துதான். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது; 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. திருப்பூரே ஸ்தம்பித்தது, கூலிக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவையே வெளியேற்றாத முறைக்கு மாறின. அப்படிப்பட்ட நிலையம் மண்ணரையிலும் ஒன்று இருக்கிறது. இன்று திருப்பூர் இந்த முறையை உலகத்துக்குக் காட்டிப் பெருமைப்படுகிறது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது கீழ்க்கரை விவசாயிகள் போட்ட வழக்கு. எந்தச் சமுதாயத் தலைவரின் பெயரும் அதில் இல்லை. சொந்தக்காரர்களையே கூண்டில் ஏற்றிய அந்தக் காட்டுக்காரர்களுக்கு எந்த ஊரிலும் ஃப்ளெக்ஸ் கட்டியதை நான் பார்த்ததில்லை. கட்ட வேண்டும்.

கிளம்பும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. தோட்டத்தில் மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்த வயதான பெண்மணி பெரியப்பாவை எசமான் என்ற பொருளில் ‘பண்ணாடி’ என்றுதான் கூப்பிட்டார். அவர் பேத்தி மண்ணரைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைலராம். “அவ யாரையும் பண்ணாடின்னு கூப்புடறதில்லீங்க. சூப்பர்வைசரக்கூட அண்ணான்னுதான் கூப்புடுவா,” என்றார். கிணறு உப்பானபோது முதலில் வேலை போனது இவர்களுக்குத்தான். வழக்கில் நஷ்டஈடு கணக்கிட்டபோது நிலம் இருந்தவர்களுக்குத்தான் கணக்குப் போட முடிந்தது.

சென்னிமலையில் மதியச் சாப்பாடு. பெட்ஷீட் தறிகளின் ஊர். மலை மேலே முருகன். ஏறவில்லை. கிழக்கே அரச்சலூர் ரோட்டைப் பிடித்தோம்.

ஓடாநிலையில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. தடுப்புக் கம்புகள், ஜெனரேட்டர், ஒவ்வொரு அமைப்புக்கும் எந்த நேரம் என்று போலீசார் குறித்துக்கொண்டிருந்தார்கள். மணிமண்டபத்துக்குள் சின்னமலை அமைதியாக இருந்தார். இவர் பெயரைச் சமுதாயத்தின் சொத்தாக்கியது எப்படி என்று யோசித்தால் 1990கள் ஞாபகம் வருகிறது. அன்று மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர் இருந்தது. திருச்சியில் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் ஓடியது. தென்மாவட்டங்களில் சாதி மோதல் முற்றியதால் 1997இல் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். பேருந்திலிருந்து இறங்கிய பெயர் ஃப்ளெக்ஸில் ஏறியது. திப்பு சுல்தானோடு நின்று வெள்ளையரை எதிர்த்தவர், பல சாதிக்காரர்களைப் படையில் வைத்திருந்தவர், ஒரே சாதியின் கொடியில் படமானார். அவர் பெயரையே அமைப்புக்கு வைத்துக்கொண்டவர்கள் சிலர் என்ன செய்தார்கள் என்பது கோகுல்ராஜ் கொலை வழக்கில் பதிவாகியிருக்கிறது: 2015 ஜூனில் திருச்செங்கோட்டில் வேறு சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதற்காக ஒரு தலித் மாணவர் கொல்லப்பட்டார், 2022இல் அப்படிப்பட்ட ஒரு பேரவையின் நிறுவனர் யுவராஜுக்கு ஆயுள் முழுக்கச் சிறை. சின்னமலைக்குச் செய்த இதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தெரியாது.

ஓடாநிலையிலிருந்து சிறிது தூரத்தில் ஜெயராமபுரம். சின்னமலையின் படைத்தளபதியாகவும் ஒற்றராகவும் இருந்த பொல்லானின் பெயரோடு சேர்ந்த இடம். அருந்ததியர். செருப்புக்குள் ஓலையை வைத்து எதிரி முகாமிலிருந்து சேதி அனுப்பினார் என்பது இந்தப் பக்கம் சொல்லப்படும் கதை. ஆடி முதல் தேதி அவருடைய நினைவு நாள். ஆடி ஒன்றுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் நடுவே பதினேழு நாள். தளபதிக்கு ஒரு நாள், தலைவருக்கு ஒரு நாள். பொல்லானுக்கும் மணிமண்டபம் வேண்டும் என்று அருந்ததியர் அமைப்புகள் பல ஆண்டு கேட்ட பிறகே அரசு முன்வந்தது.

கொங்குக் காடுகளில் வேலை செய்தவர்கள் அருந்ததியர்கள். தோல் வேலை, துப்புரவு, பண்ணையம் எல்லாம் அவர்கள் தலையில். பட்டியலினத்தோருக்கான 18 சதவீதத்தில் அவர்களுக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009இல் வந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரை. கொங்குநாடு முன்னேற்றக் கழகம் பிறந்த அதே ஆண்டு. 2024 ஆகஸ்ட் 1இல் ஏழு நீதிபதிகள் அமர்வு இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோது இந்த வளவுகளில் பட்டாசு வெடித்தார்கள். 2012 முதல் 2021 வரை சட்டமன்றத்தின் சபாநாயகர் நாற்காலியில் இருந்த ப. தனபால் இவர்களில் ஒருவர். 2021இல் தாராபுரத்தில் எல். முருகனும் கயல்விழி செல்வராஜும் மோதி, ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் கயல்விழி வென்று அமைச்சரானார். தனபால் நின்ற ராசிபுரம், அவினாசி, இந்தத் தாராபுரம் எல்லாமே தனித் தொகுதிகள். கொங்குப் பொதுத் தொகுதி ஒன்றில் பெரிய கட்சி எதுவும் ஓர் அருந்ததியரை நிறுத்துவதை ஊரே எதிர்பார்ப்பதில்லை.

ஜெயராமபுரத்தில் பொல்லான் பலகைக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் டிப்ளமோ முடித்து, பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கிறவர். நாளைக்கு ஓடாநிலைக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

“போவேங்ண்ணா. சின்னமலை எங்களுக்கும்தான். பொல்லான் உசுரக் குடுத்தது அவருக்காகத்தானே? ஆனா நாளைக்கு அங்க மாலை போடறவங்க எத்தன பேரு இங்க வண்டிய நிறுத்தறாங்கன்னு நாங்க ரோட்டோரம் நின்னு பாப்போம்.”

நண்பர் இதுவரை அரசியல் பேச்சில் வாய் கொடுக்கவில்லை. இப்போது கேட்டார், “கொங்குக்காரன்னு நீங்க உங்களச் சொல்லிக்குவீங்களா தம்பி?”

“இந்தப் பேச்சு, இந்த மண்ணு, எல்லாம் எனக்குந்தான் சொந்தம். சொல்லிக்குவேன். ஆனா கட்சிக்காரங்க சொல்ற கொங்குல நான் இருக்கனான்னு தெரியலீங்கண்ணா. ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. மொடக்குறிச்சியோ, காங்கயமோ, பெருந்துறையோ, பொதுத் தொகுதி ஏதாவது ஒண்ணுல எங்காளு ஒருத்தருக்கு சீட்டு குடுக்கச் சொல்லுங்க. ஜெயிக்கறது அப்பறம். நிறுத்தட்டும். அன்னைக்கு அந்தக் கொடிய நானும் புடிக்கறேன்.”

நண்பர் அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார். காங்கயத்தில் தனக்குத் தெரிந்த ஒன்றியச் செயலாளர் ஒருவர் இருப்பதாகவும் இதை அவர் காதில் போடப்போவதாகவும் சொன்னார். இருவரும் தொகுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே முடியும், எங்கே முடியாது என்று பேசத் தொடங்கினார்கள். பெருந்துறையில் முடியாது என்றார் நண்பர். ஏன் முடியாது என்றார் அந்த இளைஞர்.